குருவிகள் காவல் காத்த செடிகள்

மலையுச்சிக் குளிரில், வாப்பா தன் மீன்வலையை ஒரு செடிக்குப் போர்த்திக் கட்டிக்கொண்டு நிற்கிறார். தங்கையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் காட்சிதான்.

சாய்ந்தமருதுக் கடற்கரையில் வளர்ந்தவள் தன் பல்கலைக்கழக ஆய்வுக்கு மலைநாட்டைத் தேர்ந்தெடுத்தாள். இலையைப் புழு தின்கிறது, புழுவைக் குருவி தின்கிறது. குருவி வராவிட்டால் இலைக்கு என்ன ஆகும்? அடிவாரத்திலும் உச்சியிலும் அது ஒரே மாதிரியா? இதுதான் அவள் கேள்வி.

"புழுப் பார்க்க மலைக்கு ஏறணுமா? நம்மட முருங்கையில இல்லாத புழுவா?" என்றார் வாப்பா. கலியாணமாகாத குமர்ப்பிள்ளையைத் தனியே அனுப்ப அவருக்கு மனமில்லை. நான் ஆசிரியை; பாடசாலை விடுமுறைகளில் துணைக்குப் போவதாகச் சொன்ன பிறகுதான் சம்மதித்தார்.

அடிவாரக் காட்டிலும் உச்சியிலும் சில செடிகளைக் குருவி நுழையாதபடி கடையில் வாங்கிய வலையால் மூடினாள்; பக்கத்துச் செடிகளைத் திறந்தே விட்டாள். அடுத்த முறை ஏறியபோது உச்சியில் கடைவலைகளைக் காற்று கந்தலாக்கியிருந்தது. தங்கை ஈரப்பாறையில் உட்கார்ந்து அழுதாள். நான் வீட்டுக்கு டெலிபோன் கோல் எடுத்தேன். வாப்பா ஒன்றைத்தான் கேட்டார்.

"குருவி உள்ள போகப்படாது, பூச்சி போகணும். அப்படித்தானே?"

"ஓம் வாப்பா."

அந்தக் கிழமையே வலைச் சாக்கோடு பஸ் ஏறி வந்துவிட்டார். கடலைத் தவிர வேறெங்கும் வேலை செய்யாத மனிதர், மூச்சு வாங்க வாங்க மலையேறி, ஒவ்வொரு முடிச்சையும் தானே போட்டார். அந்த வலைகளைக் காற்றால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பருவம் முடிந்து பார்த்தபோது, அடிவாரத்தில் மூடிய செடிகளின் இலைகள் சல்லடையாகியிருந்தன. திறந்தவை பெரும்பாலும் முழுசாக நின்றன. உச்சியிலோ இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. "கீழ செடிக்குக் குருவிதான் காவல், ராத்தா. மேல குளிர்ல புழுவும் குறைவு, குருவியும் குறைவு" என்றாள் தங்கை. அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இப்போது அவள் விரிவுரையாளர். போன மாதம் அவளிடம் படிக்கும் சம்மாந்துறை மாணவி ஒருத்தியை ஆய்வுக்கு மலைக்கு அனுப்ப அந்தப் பெண்ணின் வீட்டார் மறுத்தார்கள். தங்கை கதைத்துப் பார்த்தும் சரிவரவில்லை. யாரும் சொல்லாமலே வாப்பா வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். நானும் கூடப் போனேன். அந்தப் பிள்ளையின் வாப்பாவுக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்:

"பயப்படாம அனுப்புங்க. கூட்டிப் போறது என்ட மகள்."