வலிக்காத பெருவிரல்

என் கணவருக்குக் கட்டபெட்டு பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் வேலை. மழைக்காலம் வந்துவிட்டால் காலையில் மாட்டும் ரப்பர் பூட்ஸை வீட்டுக்கு வந்துதான் கழற்றுவார். போன மழையில் அவருடைய சாக்ஸைத் துவைக்க எடுத்தேன். பெருவிரல் படும் இடம் மஞ்சள் கறையோடு விறைத்துக் கிடந்தது. காலைக் காட்டச் சொன்னேன். நகத்தின் ஓரம் சதைக்குள் இறங்கி, விரல் வீங்கிச் சிவந்திருந்தது.

“ஏனுங்க, இத வெச்சுக்கிட்டு எப்படி நடக்கறீங்க? ஆஸ்பத்திரிக்குப் போலாங்க.”

“நகந்தான கண்ணு. வலியே இல்ல. தேயில வந்து குவியற நேரத்துல எப்படி லீவு கேக்கறது?”

நான் பள்ளி ஆசிரியை. அன்று கரும்பலகையில் எதை எழுதினாலும் அந்த விரல்தான் கண்ணில் நின்றது. இடைவேளையில் ஃபோனில் வீடியோக்களைத் தேடினேன். உப்புப் போட்ட வெந்நீரில் காலை ஊறவைத்து, நகத்தைத் தூக்கி அடியில் பஞ்சு வை என்றார் ஒருவர். ஓரத்தை வெட்டு என்றார் இன்னொருவர். வெட்டவே கூடாது என்றார் மற்றொருவர். எதையும் முழுதாகப் பார்க்கப் பொறுமை இல்லை.

சாயங்காலம் அவர் வந்ததும் நாற்காலியில் உட்கார வைத்தேன். பிளாஸ்டிக் டப்பில் சுடுதண்ணீரை ஊற்றி, கரண்டியால் உப்பைக் கலக்கிவிட்டு, விளாவுவதற்குப் பச்சைத் தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் காலை உள்ளே விட்டுவிட்டு டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். தானே விளாவிக்கொண்டார் போலும் என்று நினைத்து, விரலைப் பிடிக்கக் கையை விட்டேன். சுரீரென்றது. உதறி எடுத்தேன்.

“சுடலீங்களா?”

“இதமாத்தான இருக்குது.”

காலை வெளியே இழுத்துப் போட்டுப் பச்சைத் தண்ணீரை ஊற்றினேன். பாதம் செக்கச்செவேல் என்றிருந்தது. துண்டால் ஒற்றி எடுத்தேன்.

“கொஞ்சம் கண்ண மூடுங்க.”

மூடிக்கொண்டார். வீங்கிய இடத்தை விரலால் அழுத்தினேன். இன்னும் அழுத்தினேன். சீழ் எட்டிப் பார்த்தது.

“ம், தொடு,” என்றார்.

“தொட்டுட்டுத்தானுங்க இருக்கறேன்.”

கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தார். டிவியை நிறுத்தினார். “குளிருக்கு மரத்துப் போயிருக்கும்,” என்றார். சொன்ன குரலில் நம்பிக்கை இல்லை. அன்று என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மடித்து வைத்த துணிகளையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன்.

காலையில் முதல் பஸ்ஸில் கோத்தகிரிக்குக் கூட்டிப்போனேன். கிளினிக்கில் டாக்டரம்மா விரலைப் பார்த்ததும் முதலில் ரத்தத்தைத்தான் சோதித்தார். சர்க்கரை ஏகத்துக்கும் ஏறியிருந்தது. இருவருக்கும் அன்றுதான் தெரியும்.

“அடிக்கடி ஒண்ணுக்குப் போறீங்களா?”

“ஆமாங்க. இந்தக் குளிருக்கு எல்லாரும் போறதுதானுங்களே.”

“சர்க்கரை கால் நரம்ப மரத்துப் போக வெச்சிருக்கு. வலி இல்லைன்னு சந்தோஷமா இருந்துட்டீங்க,” என்றார் டாக்டரம்மா. நகத்தின் ஓரத்தை எடுத்துச் சீழைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார். இனிமேல் வீட்டில் வெந்நீர் வைத்தியமெல்லாம் கூடாது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் தலையாட்டினேன். அந்த வெந்நீர் இல்லையென்றால் அங்கே வந்திருக்கவே மாட்டோம் என்று சொல்ல வாய் வரவில்லை.

விரல் மெதுவாக ஆறியது. மாத்திரை சாப்பிடுகிறார். சர்க்கரை இல்லாத டீயை முகம் சுளித்துக் குடிக்கிறார். பாதத்தில் உணர்வு மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. திரும்புமா என்று டாக்டரம்மாவும் உறுதியாகச் சொல்லவில்லை. பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது, அங்கே அவர் எதன்மேலாவது காலை வைத்துவிட்டுத் தெரியாமலே நிற்கிறாரோ என்று தோன்றும். மணி அடித்ததும் வெளியே வந்து ஃபோன் செய்வேன்.

“சொல்லு கண்ணு,” என்பார், மெஷின் சத்தத்துக்கு நடுவில்.

சொல்ல ஒன்றும் இருக்காது. சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.