ஜுஹைனா வீட்டு எழுபத்தைந்து இன்ச்

குவைத்திலிருந்து யாராவது ஊருக்கு வந்தால் எங்கள் தெருவில் பெட்டி பிரிப்பது ஒரு சடங்கு. வந்தவர் குளித்துச் சாப்பிட்டு முடிப்பதற்குள் சொந்தக்காரர்கள் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். கயிற்றை அறுத்ததும் தைலம், சோப்பு, பால்மாவு, பிஸ்தா, போர்வை என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். யாருக்கு எது என்று வந்தவரே எடுத்துக் கொடுப்பார். சென்ற குற்றாலச் சீசனில் ஜுஹைனா வீட்டிலும் பெட்டி பிரித்தார்கள். பெட்டி மட்டும் வந்திருந்தது. ஆள் வரவில்லை.

ஜுஹைனா செங்கோட்டைக்காரி. பி.காம். முடித்து ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். நோன்புப் பெருநாள் முடிந்து அவளுக்கும் தென்காசி அஃப்சலுக்கும் நிக்காஹ் நடந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அஃப்சல் குவைத்தில் இருந்தான். அங்கே ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டின் குடோனில் அவனுக்கு சூப்பர்வைசர் வேலை. "வேலைக்குப் போக வேண்டாம், உம்மாவுக்குத் துணையா இரு" என்று சொல்லிவிட்டுப் போனான். அவளும் இருந்தாள். மாமியார் ரஹ்மத்துன்னிசாவுக்குக் கண் ஆபரேஷன் செய்ய அழைத்துப் போனது அவள். கரண்ட் ஆபீசில் போய்ச் சண்டை போட்டு மீட்டரை மாற்றியதும், மாடித் தளம் ஒழுகியபோது கொத்தனாரோடு மல்லுக்கட்டியதும் அவள்தான். அவள் கத்துகிறவள் இல்லை. கோபம் வந்தால் பாத்திரம் துலக்குவாள். துலக்கிய பாத்திரத்தையே எடுத்து மறுபடி துலக்குகிற சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டில் இருக்கிற நாங்கள் அந்தப் பக்கம் போக மாட்டோம்.

மகள் சஃப்ரினுக்கு இப்போது ஆறு வயது. அவளுக்கு இரண்டு வயதாகும்போது அஃப்சல் ஒருமுறை வந்து போனான். பிள்ளைக்கு அது நினைவில்லை. அதற்குப் பிறகு வர வேண்டிய லீவு தங்கையின் கல்யாணச் செலவைச் சொல்லித் தள்ளிப்போனது. "இந்தச் சீசனுக்குக் கண்டிப்பா வாரேன், பிள்ளையக் குற்றாலத்துக்குக் கூட்டிட்டுப் போவணும்" என்று ரம்ஜான் மாதம் முழுக்கச் சொன்னான். சஃப்ரின் வகுப்பில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். ஜுஹைனா புதுத் திரைச்சீலை வாங்கி மாட்டினாள். பிறகு ஒருநாள் போன் வந்தது. கம்பெனி லீவு தரவில்லையாம். அடுத்த வாரமே கடைக்காரர்கள் இரண்டு பேர் வந்து, கட்டிலைவிட நீளமான ஒரு அட்டைப்பெட்டியைக் கூடத்தில் இறக்கினார்கள். எழுபத்தைந்து இன்ச் டிவி. அஃப்சல் அங்கிருந்தே பணம் கட்டி, தென்காசிக் கடையில் ஜுஹைனா பெயரில் எடுத்திருந்தான்.

தெரு கூடியது. பெட்டியைப் பிரிப்பதை அஃப்சல் வீடியோ காலில் பார்த்தான். சுவரில் மாட்டி முடித்ததும், "ஜுஹைனா, கொஞ்சம் பின்னால போ. இன்னும். முழுசாத் தெரியணும்" என்றான். முழுதாகத் தெரிந்தது டிவி.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. யார் யாருக்கு என்ன படம் காட்ட வேண்டும் என்று அவன் குவைத்திலிருந்து முடிவு செய்தான். வேலை முடிந்து அறைக்கு வந்ததும் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவான். படத்தின் கதை அவனுக்கு வேண்டியதில்லை. "கதையெல்லாம் போன்ல பாத்துக்கிடலாம். டிவியில பாக்க வேண்டியது வேற" என்பான். முதலில் விண்வெளிப் படம். "அந்த ஆளு கப்பல விட்டு வெளிய வருவான், அங்கன நிப்பாட்டு. சுத்தி எப்படிக் கறுப்பா இருக்கு பாரு. மத்தவன் வீட்டு டிவியில அது சாம்பலாத் தெரியும்." அடுத்தது பாலைவனத்தில் எடுத்த படம், மணல் துகள் ஒவ்வொன்றும் தனியாகத் தெரியுமாம். பாலைவனத்தில் வேலை பார்க்கிறவன், சாரல் அடிக்கிற தென்காசியில் மணலைக் காட்டச் சொன்னான். வயதான பெண்கள் வந்தால் ராஜா காலத்துப் படம், "மாமிமாருக்கு நகை நல்லாத் தெரியணும்." பிள்ளைகள் வந்தால் கடலுக்கடியில் மீன். சொந்தக்காரர்கள் வெளியூரிலிருந்து வந்தால் ஏதோ ஒரு தேசத்துக் காட்டில் விழுகிற அருவி.

"ஜன்னலச் சாத்து. லைட்ட அணை. மொதல்ல இருட்டுப் படத்தப் போடு, அப்புறம் படார்னு கலர். அப்பதான் ஆளுவ அசந்து போவாவ."

ஆட்கள் அசந்துதான் போனார்கள். ஜுஹைனா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு டீ போடப் போவாள், டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அடுத்த படத்தைப் போட வருவாள். எந்தப் படத்தின் முடிவையும் அந்தக் கூடம் பார்த்ததில்லை.

ஐந்தருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்ட நாளில் மேலப்பாளையத்துச் சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். 

"போலீஸ்காரன் கிட்டயே விடல மாமி. துண்டு நனையாமத் திரும்பி வாரோம்."

"அதான் இங்கன குளிக்க வந்துட்டீயளா?" என்றார் ரஹ்மத்துன்னிசா. "எம்மவன் அனுப்புன அருவியில தடையெல்லாம் கெடையாது. உக்காருங்க."

மகன் பெயரைச் சொல்லும்போது மாமியின் முகம் மலர்ந்துவிடும். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்குப் பெரிய படம் நன்றாகத் தெரிந்தது. அதில் ஜுஹைனாவுக்கு வருத்தம் இல்லை.

அன்று அஃப்சலும் வீடியோ காலில் இருந்தான். அவன் பள்ளிக்கூடக் கூட்டாளி பிச்சைமணியும் வந்திருந்தார். ஐந்தருவி ரோட்டில் வாடகைக் காட்டேஜ் நடத்துகிறவர். டிவியைச் சுற்றிச் சுற்றி வந்து, "ஏலே அஃப்சலு, இப்படி ஒண்ணு நம்ம காட்டேஜ் ஹாலுக்குக் கெடச்சா நாலு கூட்டம் கூட வரும்லே" என்றார். அஃப்சல் சிரித்தான். அருவிப் படம் ஓடும்போது திடீரென்று மங்கியது.

"என்னட்டி இது, அழுக்கா இருக்கு? ஃபோர் கே-ல தான போட்டிருக்க?"

"அதுலதான் போட்டிருக்கேன்."

"பின்ன?"

"நீங்க கால்ல இருந்தா நெட்டு இழுக்கத்தான் செய்யும். போன வச்சிருங்க, நல்லாத் தெரியும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அப்போது சஃப்ரின் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து டிவிக்கு முன்னால், போனைப் பார்த்து நின்றாள். அன்று காலையில்தான் அவளுக்கு முதல் பல் விழுந்திருந்தது. அதை உள்ளங்கையில் வைத்திருந்தாள். வாயை அகலமாகத் திறந்து ஓட்டையைக் காட்டினாள். "வாப்பா, பல்லு விழுந்துட்டு. பாருங்க."

"ஏட்டி, பிள்ளையக் கொஞ்சம் தள்ளி நிறுத்து. ஸ்கிரீன மறைக்குது."

ஜுஹைனா பிள்ளையைத் தள்ளி நிறுத்தவில்லை, தூக்கிக்கொண்டாள். போனை மாமியின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் பாத்திரச் சத்தம் கேட்டது. விருந்தாளிகள் இன்னும் சாப்பிடவே இல்லை.

துல்கர்னைன் வந்தது அதற்குப் பிறகு. அஃப்சலோடு அதே கம்பெனியில், அதே அறையில் இருக்கிறவர். லீவில் வந்திருந்தார். பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்தார். ஜுஹைனா மீன் படத்தைப் போட்டாள். இப்போது யார் வந்தாலும் கேட்காமலே போட்டுவிடுவாள்.

"குடுத்து வச்சவன்" என்றார் துல்கர்னைன் டிவியைப் பார்த்துக்கொண்டே. "லீவுச் சம்பளம், டிக்கெட்டுக் காசு, எல்லாத்தையும் மொத்தமா வாங்கிட்டாம்லா. நானும் அப்படிச் செஞ்சிருக்கலாம். எம் பொண்டாட்டி கொன்னுபோட்டிருவா."

"எந்த லீவு அண்ணே?"

"இந்த லீவுதான். ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் பாஸாச்சு. வேண்டாம்னு எழுதிக் குடுத்தா அதக் காசாத் தந்துருவாங்க." சொல்லிவிட்டுத்தான் அவள் முகத்தைப் பார்த்தார். "ஏன், அவன் ஒண்ணும் சொல்லலியா?"

சுவர் முழுக்க மஞ்சள் மீன்கள் போய்க்கொண்டிருந்தன. ரஹ்மத்துன்னிசா பேரீச்சம்பழப் பொட்டலத்தை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

"கம்பெனி தரலன்னு சொன்னாவ" என்றாள் ஜுஹைனா. பிறகு, குரல் கொஞ்சமும் ஏறாமல் கேட்டாள்: "சம்பளம் இல்லாம லீவு கேட்டாக் குடுப்பாங்களா அண்ணே?"

"கேட்டாக் குடுப்பாங்க. டிக்கெட் கைக்காசு. ரொம்ப நாளெல்லாம் கெடைக்காது."

"சரி. டீ ஆறுது, குடிங்க."

அன்று பாத்திரச் சத்தம் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. கம்பெனி தராமல் போயிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். தாங்கித் தாங்கிப் பழகியவள். கம்பெனிக்காரர்கள் போகலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். இவன் வராமல் இருந்தான். வராததற்கு வாங்கிய விலையைச் சுவரில் மாட்டி, அதற்கு முன்னால் அவளையே டீத் தட்டோடு நிற்கவும் வைத்தான். 

மறுநாள் பிச்சைமணிக்குப் போன் போட்டாள்.

"தங்கச்சி, அஃப்சலுக்குத் தெரியுமாம்மா?"

"டிவி எம் பேர்ல வந்தது அண்ணாச்சி. ஒங்களுக்கு வேணுமா, வேண்டாமா?"

அவர் ஒரு டெம்போவும் இரண்டு ஆட்களும் கொண்டுவந்தார். சுவரிலிருந்து கழற்றும்போது தெருவில் பாதிப்பேர் வாசலில் நின்றார்கள். ரஹ்மத்துன்னிசா கூடத்தின் நடுவில் வந்து நின்றார்.

"எம்மவன் ஆசையா அனுப்புனதுட்டி."

"ஒங்க மவன நீங்க நேர்ல பாத்து எத்தன வருசமாச்சு மாமி?"

மாமி சோபாவின் இடுக்கில் கையை விட்டுத் துழாவி எடுத்தார். "ரிமோட்டயும் குடுத்துரு. இங்கன கெடந்தா எனக்கு எரிச்சலா இருக்கும்."

அன்று சாயங்காலமே அஃப்சலுக்குச் செய்தி போய்விட்டது. யார் சொன்னார்கள் என்று தேட வேண்டியதில்லை, தெருவே சொல்லியிருக்கும். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், அவன் கத்தியது பக்கத்து வீட்டில் இருந்த எனக்குக் கேட்டது.

"யாரக் கேட்டு வித்த?"

"நீங்க யாரக் கேட்டு லீவ வித்தீய?"

குரலை இறக்கிக்கொண்டு, "ஒங்களுக்காகத்தான வாங்குனேன்" என்றான்.

"எனக்குன்னு சொல்லாதீய. அதுல நான் ஒரு படம் முழுசாப் பாக்கல. ஒங்க கூட்டாளிமாருக்கு டீ ஊத்திக் குடுத்தேன். சொன்ன எடத்துல நிப்பாட்டுனேன், சொன்ன எடத்துல ஓட்டுனேன். பிள்ள பல்லு விழுந்துட்டுன்னு ஓடி வந்தா. மறைக்குதுன்னு சொன்னீய."

"அது அப்ப ஆளுவ இருந்தாங்கல்லா, ஏதோ..."

"ஆளுவ இருந்தாவ. ஆமா. தெருவுல எல்லாரும் இருந்தாவ, நீங்கதான் இல்ல."

"எம் மானத்த வாங்கிட்டியேட்டி. நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தெருவுல வருவேன்?"

"மொதல்ல வாங்க. மூஞ்சியப் பொறவு பாக்கலாம். காச ஒங்க அக்கவுண்ட்ல போட்டுட்டேன். சம்பளமில்லாத லீவு கேட்டாத் தருவாங்களாம். டிக்கெட்டப் போட்டுட்டுச் சொல்லுங்க. அது வரைக்கும் மாமி போனுக்குப் பேசுங்க, எனக்கு வேண்டாம்."

வைத்துவிட்டாள்.

தெரு அவளைத்தான் பேசியது. புருஷன் வெயிலில் வெந்து சம்பாதித்ததைத் தூக்கிக் காட்டேஜ்காரனுக்குக் கொடுத்துவிட்டாள் என்றார்கள். படித்த திமிர் என்றார்கள். அந்தக் கூடத்தில் உட்கார்ந்து டீயும் வடையுமாக மீன் பார்த்தவர்கள்தான் அதிகம் பேசினார்கள். லீவை விற்றவனைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. ஆண்பிள்ளை, குடும்பத்துக்காகச் செய்தான் என்று அதற்கு ஒரு நியாயம் எல்லாரிடமும் தயாராக இருந்தது. கடைத்தெருவில் யாராவது ஜாடையாகக் கேட்டால் ஜுஹைனா நின்று பதில் சொல்வாள்: "ஆமா, வித்துட்டேன்."

அஃப்சல் மாமியின் போனுக்குத்தான் பேசினான். முதலில் கோபமாக, பிறகு மகளிடம் கொடுக்கச் சொல்லி, பிறகு மருமகளைச் சமாதானம் செய்யச் சொல்லி. "அவகிட்ட நான் பேசமாட்டேன்ப்பா. தேதி சொன்னா அதச் சொல்லுதேன்" என்றார் ரஹ்மத்துன்னிசா.

ஒரு வெள்ளிக்கிழமை தேதி வந்தது.

திருவனந்தபுரத்தில் இறங்கி, ஆரியங்காவு வழியாகக் கார் வைத்து வந்தான். அழைக்க விமானநிலையத்துக்கு ஜுஹைனா போகவில்லை. சீசன் முடிகிற நேரம். காலையில் சாரல் விட்டு வெயில் அடித்தது. கோபம் தீர்ந்துதான் அவள் கதவைத் திறந்தாள் என்று நினைக்க வேண்டாம். சலாம் சொன்னாள், பதில் வாங்கினாள், உள்ளே போனாள். அவன் கூடத்தில் உட்கார்ந்தான். வழக்கமாக உள்ளதைவிட மெலிந்து, முன்மண்டையில் முடி குறைந்திருந்தான். போனில் அது தெரிந்ததில்லை.

சஃப்ரின் மாமியின் முந்தானைக்குப் பின்னால் நின்றாள். அவன் கை நீட்டினான். அவள் வரவில்லை. எழுந்து போய்த் தூக்கப் பார்த்தான். அவள் அழ ஆரம்பித்தாள். யாரோ அந்நியர் தூக்கினால் பிள்ளைகள் அழுகிற மாதிரி, உடம்பை விறைத்துக்கொண்டு அழுதாள். அவன் இறக்கிவிட்டான். கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். டீயோடு வந்த மனைவியைப் பார்த்தான்.

"எங்கிட்ட வரமாட்டேங்குதாளே."

"பழக நாளாவும்."

"எத்தன நாளு?"

ஜுஹைனா டீயை அவனுக்கு எதிரில் வைத்தாள்.

"நீங்க எத்தன நாள் இருப்பீயன்னு அவகிட்டச் சொல்லுங்க. அதுக்குத் தக்கன பழகுவா."