பையைத் தூக்கியவரிடம் ஒரு கேள்வி

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், குமுளியில் ஒரு ஹோட்டலில் வரவேற்பாளர் வேலைக்கு எழுதிப் போட்டேன். அந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆகவேண்டும். ஆறு வருடமாகக் கூடலூர் வீட்டில் அடுப்பை மட்டுமே வரவேற்றுக்கொண்டிருந்தவள் நான்.

இடைஞ்சல் இங்கிலீஷ்தான். கம்பத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்த பெண் என்னைவிடப் பத்து வயது சின்னவள். விருந்தாளியிடம் "வேர் ஆர் யூ கோயிங்?" என்று கேட்டால் போலீஸ் விசாரணை போலிருக்குமாம். "குட் யூ டெல் மீ வேர் யூ ஆர் கோயிங்?" என்று சுற்றிக் கேட்கவேண்டுமாம். எனக்கோ அந்த 'ஆர்' முந்திரிக்கொட்டையாக முன்னால் வந்து நிற்கும்.

"மரியாதைன்னா ஆளு முன்னாடி, 'ஆர்' பின்னாடி. இம்புட்டுத்தேன்க்கா," என்றாள்.

தோசைக்கல்லிடம்கூட அதையே கேட்டுப் பழகினேன். அது எங்கேயும் போகவில்லை.

நேர்காணலில் மேலாளர் முழுக்க இங்கிலீஷிலேயே பேசினார். கடைசியில், மேசைக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். அவர் ஊருக்குக் கிளம்பும் விருந்தாளியாம். எங்கே போகிறார் என்று நான் மரியாதையாகக் கேட்கவேண்டுமாம்.

வாக்கியம் வாயில் தயார். 'யூ'வும் 'ஆர்'ரும் அதனதன் இடத்தில். ஆனால் பையோடு படி தாண்டப்போகிறவரிடம் 'எங்கே' என்று எப்படிக் கேட்பது? எங்கள் வீட்டில் அப்படிக் கேட்டால், கிளம்பியவர் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, கேட்டவரை நன்றாகத் திட்டிவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார்.

வாய் தானாகத் திறந்தது. "இஸ் இட் ஃபார், சார்?"

அவர் நின்றுவிட்டார். வேலை போச்சு என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. தமிழிலேயே கொட்டினேன்: "கெளம்புறவுகள எங்கன்னு கேக்கக்கூடாது சார், போற காரியம் வெளங்காது. தூரமான்னுதேன் கேப்போம்."

பையை இறக்கி வைத்தார். இங்கிலீஷும் கூடவே இறங்கிவிட்டது.

"நானும் நம்ம பக்கந்தேன், சின்னமனூரு. இது நெசமாவே ஊருக்குப் போற பை. மதுரைக்குப் பொண்ணு பாக்கப் போறேன். ஆறாவது பொண்ணு. ஒவ்வொரு தடவையும் கேட்டுல நிக்கிறவரு, 'எங்க சார்?'னு கேட்டுப்புடுறாரு. நீங்க இப்பவே வேலையில சேந்துக்கங்க. நான் கார் ஏறுற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கப்படாது!"

அவருக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தேன். காவலாளி சிரித்துக்கொண்டே வாயெடுத்தார்.

"அண்ணே, மூச்சு விடாதீக. கேட்டத் தொறங்க," என்றேன்.