அம்மா சுமந்த முறுக்குக் கம்பி

பிள்ளைகளே, மாடி கட்டலாமா என்று பார்க்க, நம் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தின் கொங்கிரீட் மேல்தட்டை நேற்று இஞ்சினியர் ஓரிடத்தில் கொத்தினார். சீமெந்து உதிர்ந்ததும் துரு வாடை வந்தது. அது அம்மாவின் சேலை வாடை.

நான் சிறுவனாக இருந்தபோது, இந்தப் பள்ளிக்கு வந்த கம்பிகளை லொறிக்காரன் ஹேவாஹெட்ட ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போனான். கொழுந்து பறித்துக் களைத்த பெண்கள்தான் அவற்றை மலைமேல் சுமந்தார்கள். ஒவ்வொன்றும் சதுரக் கம்பியை முறுக்கிவிட்டது போல இருக்கும்.

"ஏய் மாரியாயி, இந்த முறுக்கக் கடிக்க ஒனக்குப் பல்லு இருக்காடி?" என்று பெரியம்மா கேலி செய்தார்.

"எனக்கு எதுக்குக்கா? எம்மவன் படிச்சுக் கடிப்பான்" என்றாள் அம்மா.

கங்காணி சொன்னபடி, தோட்டத்துத் துரையின் பங்களாவுக்குப் பக்கத்துக் கொட்டிலில் இறக்கினார்கள். அம்மாவின் தோளில் தோல் உரிந்திருந்தது. சேலையில் படிந்த துருக்கறை எத்தனை துவைத்தும் போகவில்லை.

"முறுக்குக் கம்பி தெரியுதுங்களா?" என்று இஞ்சினியரிடம் ஆசையாகக் கேட்டேன்.

"கம்பியே இல்லீங்க ஐயா. பட்டை இரும்பு. ஆணி அடிச்ச ஓட்டை எல்லாம் இருக்கு. தேயிலைக்கு முந்தின காப்பிக் காலத்து ஸ்டோர்க் கட்டடம் எதையோ ஒடச்சு எடுத்திருக்காங்க. மாடி தாங்காது. கீழகூட பிள்ளைங்கள ஒக்கார வைக்காதீங்க."

நாளை முதல் உங்களுக்குத் தகரக் கொட்டகையில்தான் படிப்பு.

பள்ளி முற்றத்தில் நின்றால் பங்களா தெரியும். பள்ளி கட்டிய அதே வருடம்தான் துரையின் கார் நிறுத்தும் இடத்துக்கு அங்கே மேல்தட்டுப் போட்டார்கள். அதில் இன்றுவரை ஒரு வெடிப்பும் இல்லை. அதைக் கொத்திப் பார்க்க எவருக்கும் தேவை வரவில்லை.