காப்புக் கயிறும் சிறைக் கம்பியும்

இந்தத் தளத்தில் மேகமலை, சுருளி அருவி என்று எழுதித் தள்ளியிருக்கிறேன். இது சிறைக்குப் போய் வந்த பயணம். போன சித்திரையில், கூட்டுக் கிணற்றில் மோட்டார் போடும் முறைக்காக நடந்த அடிதடியில் என் தங்கை செல்வியின் கணவர் முருகேசனைப் பிடித்துப் போனார்கள். ஜாமீன் கிடைத்தும் அவர் வெளியே வரவில்லை. சொத்துள்ள இருவர் நீதிமன்றத்துக்கு வந்து பிணை நிற்க வேண்டும். ஒருவர் நான். இன்னொருவர் அவருடைய சித்தப்பா. அவரோ ஊர் அம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கக் காப்பு கட்டிவிட்டார். கையில் மஞ்சள் கயிறு ஏறினால் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அதற்கு முன்பே கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. வேறு யாரைக் கேட்டாலும், "ரெண்டு பக்கமும் வேண்டியவுகப்பா" என்று நழுவினார்கள்.

எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டியில் நானும் செல்வியும் காலை ஐந்தரைக்கு டவுன் பஸ் பிடித்தோம். கம்பத்தில் மாறினால் தேனி சுமார் நாற்பது கிலோமீட்டர். அங்கிருந்து சிறை இருக்கும் நகரம் எழுபத்தைந்து. வீரபாண்டியில் திருவிழாக் கூட்டம் ஏறி இறங்கியது. செல்வி தலை நிமிரவே இல்லை.

சிறையில் கைதியைச் சந்திப்பதை 'மனு பார்ப்பது' என்பார்கள். மதியம்தான் உள்ளே விட்டார்கள். கம்பி வலைக்கு இருபுறமும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். மாப்பிள்ளையின் கழுத்தெல்லாம் சொறி.

"படுக்க எடமில்ல மச்சான். ஒருத்தன் எந்திரிச்சாத்தான் இன்னொருத்தன் சாயலாம். பாதிப் பேருக்கு வழக்கே ஆரம்பிக்கல" என்றார். பிறகு, "சித்தப்பாவ நெருக்காதீக. சாமி காரியம்" என்றார்.

அன்று மாலை சித்தப்பா வீட்டுக்குப் போனோம். செல்வி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "ஒங்க மகன் உக்காந்தே தூங்குறாக, சின்ன மாமா."

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார். திரும்பியபோது கையில் கயிறு இல்லை. "ஆத்தாகிட்டச் சொல்லிட்டேன். இந்த வருசம் சட்டி எடுக்கல. கோவிச்சாக் கோவிச்சுக்கிறட்டும்" என்றார். எனக்கு அவர் காலில் விழத் தோன்றியது. மறுநாள் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டார்.

மனு பார்க்கப் போகிறவர்கள் ஆதார் அட்டையை மறக்காதீர்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பிணைக்கு ஆள் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தக் கோரலாம். நீதிமன்ற வளாகத்தில் இலவச சட்ட உதவி கிடைக்கும். ஜாமீன்தாரிடம் அவர் ஊரில் காப்புக் கட்டு என்றைக்கு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வெளியே வந்த மாப்பிள்ளை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "எம் பக்கத்துல கெடந்தவன் மேகமலை எஸ்டேட்டுல கூலி வேல பாக்குறவன். எனக்கு முந்தியே ஜாமீன் கெடச்சவன். எஸ்டேட்டு குடுத்த லயத்து வீட்டுல குடியிருக்கிறவுகளுக்குப் பட்டா ஏது மச்சான்? யாரு வருவாக?"

தேனி வரும்வரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். மாப்பிள்ளையின் பிணைக்குக் காட்டியது போக என் பெயரில் இன்னொரு பட்டாவும் இருக்கிறது. அந்த ஆளை எனக்குத் தெரியாது. நான் இன்னும் பதில் சொல்லவில்லை.