நூற்று முப்பத்தேழாவது மாடி

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பால் பாக்கெட்டின் அளவைக்கூட நம்பாத மனிதர். கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். நான் பூட்டினால் ஐந்து முறை. கல்யாணமான புதிதில் அழுதேன். இப்போதெல்லாம் சிரித்துத் தொலைக்கிறேன்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் என் தம்பி, கையில் வைத்து விளையாடும் பழைய கேம் கருவி ஒன்றை அவருக்குக் கொண்டுவந்து கொடுத்தான். "சும்மாவா கொடுக்கிறான்? ஏதோ இருக்கு" என்று இரண்டு நாள் அதைத் தொடவே இல்லை. பிறகு, அந்தக் கருவிக்கு நாமே கேம் எழுதலாம் என்று எங்கோ படித்தார். அவ்வளவுதான். ஐம்பத்தோரு வயதில் சோறு தண்ணி மறந்து கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுதார். மூன்று மாதத்தில் ஒரு லிஃப்ட் கேம் தயார். எட்டு மாடிக் கட்டடம். காத்திருப்பவர்களை ஏற்றி இறக்க வேண்டும். அந்தக் கருவியைப் போலவே இயங்கும் மென்பொருள் ஒன்று கம்ப்யூட்டரில் இருந்தது. அதில் ஜம்மென்று ஓடியது.

கேமைக் கார்டில் ஏற்றி, கருவியில் செருகி, முதலில் தம்பியிடம்தான் கொடுத்தார். அவர் ஒருவரை நம்பி ஒரு பொருளைக் கொடுத்து நான் பார்த்ததே இல்லை. பூரித்துப்போனேன்.

மறுநாள் தம்பி வந்தான். "மாமா, லிஃப்ட் நூத்தி முப்பத்தேழாவது மாடியில நிக்குது. இறங்கவே மாட்டேங்குது."

"நீ என்ன பண்ண?"

"ஆன் பண்ணேன். அவ்ளோதான்."

"கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுது. உன் கைக்கு வந்ததும் எப்படிக் கெடும்? உள்ள எதையோ நோண்டியிருக்க."

தம்பி என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்காக என்மேலேயே எனக்கு இன்னும் கோபம். கருவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனவன், ஒரு மாதம் எட்டிப் பார்க்கவில்லை. போன் செய்தால் "வேலை இருக்குக்கா" என்பான். பிறந்த வீடென்று எனக்கு இருப்பது அவன் ஒருவன்தான்.

அந்த மாதக் கடைசியில் இவர் கேமைப் புதிதாக ஏற்றி, கருவியை பீரோவில் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் எடுத்து ஆன் செய்தார். லிஃப்ட் தொண்ணூற்றிரண்டாவது மாடியில்.

"நான் குளிக்கும்போது சாவிய எடுத்தியா?"

எனக்கு வந்ததே கோபம். "என் தம்பிகிட்ட கொடுக்கிறதுக்கு முன்னாடி இதுல ஒரு தடவை போட்டுப் பாத்தீங்களா?"

"கம்ப்யூட்டர்ல பாத்தேனே."

"புது லிஃப்ட்ல நீங்க ஏறிப் பாக்காம ஜனங்கள ஏத்துவீங்களா?"

கருவியைக் கையில் எடுத்தார். அணைத்தார், சற்றுப் பொறுத்து ஆன் செய்தார். இருநூற்றுப் பதினொன்று. மறுபடியும். அறுபது. அந்த ஞாயிறு முழுக்கக் குறிப்புகளைப் புரட்டிக் கண்டுபிடித்தார். கம்ப்யூட்டரில் நினைவகம் சுத்தமாகத் துடைத்துத் தொடங்குகிறது. நிஜக் கருவியில் ஆன் செய்ததும் கண்ட கண்ட எண்கள் கிடக்கும்; அதில் ஒன்றைத்தான் லிஃப்ட் தன் மாடி என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. லிஃப்ட் தரைத்தளத்தில் தொடங்க வேண்டும் என்று இவர் எழுதவே இல்லை. ஒரே ஒரு வரி.

எழுதினார். கருவியில் பத்து முறை போட்டுப் பார்த்தார். இருவரும் கண்ணாடிக் கடைக்குப் போனோம்.

"தப்பு என்னுதுதான் மச்சான்" என்றார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. தம்பி சிரித்தான். அங்கேயே கொஞ்ச நேரம் விளையாடினான். "நல்லா இருக்கு மாமா." எனக்குப் போன உயிர் வந்தது.

"நீயே வச்சுக்கோ. ஒரு வாரம் ஆடிட்டுக் கொடு."

"வேணாம் மாமா."

கருவியை அணைத்தான். ஆன் செய்து, லிஃப்ட் தரைத்தளத்தில் நிற்பதை அவர் கண்முன்னே காட்டி, கையில் கொடுத்தான்.

"பாத்துக்கோங்க. சரியாதான் திருப்பிக் கொடுத்திருக்கேன்."