ஒரு ஸ்பூன், இன்னும் ஒரு ஸ்பூன்

"குழந்தைக்கு வயித்தாலடின்னா வீட்ல மத்தவங்க காபியே குடிக்கக் கூடாதா?"

கேட்டவர் என் கணவர். கேட்ட இடம், பூனா விஷ்ராந்த்வாடியில் எங்கள் சமையலறை வாசல். "கூடாது" என்றேன். "வேணும்னா ஓ.ஆர்.எஸ். இருக்கு, ஒரு டம்ளர் தரட்டுமா?" என்றும் கேட்டேன். இல்லத்தரசி என்பது விண்ணப்பம் போடாமலே கிடைக்கிற வேலை. அதில் நோயாளிக் குழந்தைப் பிரிவில் மாட்டிக்கொண்டால் ராஜினாமாவும் கிடையாது. அங்கே மாட்டியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

குழந்தை என் தம்பி மகன் அகில், எட்டு மாதம். தம்பி தளேகாவ் தொழிற்சாலையில் ஷிப்டில் இருந்தான். அவன் மனைவி ஷ்ருதி ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, வாடிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடியிலிருந்து எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்துவிட்டாள். காலையிலேயே டாக்டரம்மாவிடம் காட்டியாயிற்று. தாய்ப்பாலை நிறுத்தாதே, ஓ.ஆர்.எஸ்ஸை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடு, வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு மறுபடி கொடு என்றார். கிளம்பும்போது கடைசியாகச் சொன்னதுதான் அன்று முழுக்க எங்கள் காதில் இருந்தது: "மதியத்துக்குள்ள யூரின் போகலைன்னா கூட்டிட்டு வந்துடுங்க, டிரிப்ஸ் ஏத்தணும். துவண்டுட்டான்னா அதுவரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம்."

ரசப்பொடி இல்லை

பாக்கெட்டைப் பிரித்தேன். முழுதாக ஒரு லிட்டர் கலந்து யார் குடிப்பது? பாதியை டம்ளரில் தட்டப் போனேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து பாக்கெட்டைப் பிடுங்கியது.

என் கணவர் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவு. கோணலாக இருக்கும் சப்பாத்தியைக்கூட 'ரிஜெக்ட்' என்று தள்ளி வைப்பவர். காபிச் சண்டையை நடுவிலேயே நிறுத்திவிட்டு, காய்ச்சி ஆறிய தண்ணீரை அளவுக் குவளையில் கண்ணுக்கு நேரே பிடித்து, ஒரு லிட்டரில் முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் கலக்கினார். கலக்கிக்கொண்டே என்னைப் பார்த்தார்: "கண்ணளவா போடறதுக்கு இது என்ன உன் ரசப்பொடியா?"

பாலாடை வேகம்

ஸ்பூனால் ஊட்டுவது சோம்பேறிகளின் வேலை என்பது என் கட்சி. என் மகனுக்கு வாங்கிய வெள்ளிப் பாலாடையைத் தேடி எடுத்தேன். நம் வீட்டுக் குழந்தைகள் எல்லாம் அதில்தானே வளர்ந்தன? வேகவேகமாக மூன்று தடவை ஊற்றினேன். அகில் மடக் மடக்கென்று குடித்தான், என்னைப் பார்த்துச் சிரித்தான். அடுத்த நொடி மொத்தமும் என் நைட்டியில்.

கான்வென்டில் மாரல் சயின்ஸ் சிஸ்டர் பொறுமையைப் பற்றி என்னை நூறு முறை எழுத வைத்திருக்கிறார். அதுவும் இப்படித்தான், உள்ளே போனது தங்கவில்லை. ஷ்ருதி பூனாவிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழைக் கொஞ்சம் தயங்கித்தான் பேசுவாள். அன்று தயங்கவில்லை: "அக்கா, டாக்டர் ஸ்பூன் சொன்னாங்க. ஸ்பூன்னா ஸ்பூன்!"

தும்மாத மிளகாய்

வாந்தி நிற்கவில்லை என்றதும் அதே ஷ்ருதி, கம்ப்யூட்டர் இன்ஜினியர், "அக்கா, யாரோ கண்ணு போட்டிருக்காங்க" என்றாள். நாங்கள் காகூ என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மாள் அதற்காகவே காத்திருந்தவர்போல் உப்பும் கடுகுமாக வந்து நின்றார். "எங்க வழக்கம் உப்பும் மிளகாயும்" என்றேன். கடைசியில் மூன்றையும் ஒரே கையில் எடுத்துச் சுற்றி, அடுப்பில் வாணலியை வைத்துப் போட்டோம். யாருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை. நெடி வராவிட்டால் கண்ணேறு பலம் என்று அர்த்தமல்லவா? ஷ்ருதி வெளிறிப்போனாள்.

நான் டப்பாவைப் பார்த்தேன். பேட்கி மிளகாய். நிறத்துக்காக வாங்குவது, காரம் பேருக்குத்தான். போதாததற்கு மேலே புகையை இழுக்கிற சிம்னி வேறு ஓடிக்கொண்டிருந்தது. இதைக் காகூவுக்கு ஹிந்தியில் விளக்கி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. அவர் அசரவில்லை: "உன் மிளகாய் ஊமையாவே இருக்கட்டும். என் கடுகு வெடிச்சுதே, அது போதும்."

மறுபடியும் திறந்த வாய்

பத்து நிமிஷம் கழித்து ஸ்பூனோடு உட்கார்ந்தேன். ஒரு ஸ்பூன். அவன் அதை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான், யோசித்தான், பிறகு விழுங்கினான். இன்னும் ஒரு ஸ்பூன். நடுவில் ஒருமுறை வாந்தி. துடைத்து, காத்திருந்து, ஸ்பூனைக் கொண்டுபோனால் மறுபடியும் வாயைத் திறந்தான்.

ரசத்தில் உப்பு இல்லை என்று சொன்னவரோடு ஒரு வாரம் முகம் கொடுக்காதவள் நான். இவனோ, தன்னை அந்தப் பாடு படுத்திய அதே கைக்கு, அதே தண்ணீருக்கு, துளி சந்தேகம் இல்லாமல் வாயைத் திறக்கிறான். கண் குழிந்திருக்கிறது, உதடு காய்ந்திருக்கிறது, ஆனால் வாய் திறக்கிறது. இவ்வளவு சின்ன உடம்புக்குள் பிழைத்தே தீருவேன் என்று யார் உட்கார்ந்து சொல்கிறார்கள்? சமையலறையை எட்டிப் பார்க்க வந்த என் கணவர் கதவருகிலேயே நின்றுவிட்டார்: "ஏம்மா, நீ திட்டாம இவ்ளோ நேரம் ஒரு இடத்துல உக்காந்து நான் பார்த்ததே இல்லையே!"

பரிசோதனை

மதியம் நெருங்கியது. டயபர் காய்ந்தே இருந்தது. அழுதான், கண்ணீர் இல்லை. ஷ்ருதி ஆஸ்பத்திரிப் பையை வாசலில் வைத்துவிட்டாள், என் கணவர் கார் சாவியைத் தேடினார். நான் மட்டும் நிறுத்தவில்லை. ஒரு ஸ்பூன், இன்னும் ஒரு ஸ்பூன்.

தேடுகிற அவசரத்தில் அவர், அகில் இறுக்கிப் பிடித்திருந்த இன்னொரு ஸ்பூனைச் சாவியோ என்று பிடுங்கி மேஜைமேல் வைத்தார். வீடே அதிர்கிற மாதிரி ஒரு கத்தல். இடது கண் ஓரத்தில் ஏதோ பளபளத்தது. உருண்டு கன்னத்தில் இறங்கியது. "அழறான்! அக்கா, கண்ணீர்!" என்று ஷ்ருதி சிரித்துக்கொண்டே அழுதாள். நான் டயபரைத் தொட்டேன், கழற்றினேன், இரண்டு கையாலும் ஏந்தி என் கணவரிடம் நீட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டி, உள்ளங்கையில் எடை பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். என் முப்பது வருஷ இல்லத்தரசி சர்வீஸில் இந்தக் குரலை நான் கேட்டதில்லை: "பாஸ்."

பையும் சாவியும் இருந்த இடத்துக்குப் போயின. டாக்டரம்மா போனில், கொடுப்பதைத் தொடரச் சொன்னார். சாயங்காலம் குழைத்த தயிர்சாதம் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு அகில் என் தோளில் தூங்கிப்போனான். சோபாவில் ஷ்ருதி தூங்கினாள், நாற்காலியில் பரிசோதகர் குறட்டை விட்டார்.

கோயில் பிரசாதத்தைக்கூட ஒரு கையால் வாங்கி நகர்கிற என்னை, ஒரு ஈர டயபரை இரண்டு கையாலும் ஏந்தவைத்த தொழில் இது.

தோளை அசைக்காமல், மெதுவாகக் கேட்டேன்: "யாராவது எனக்கு ஒரு வாய் காபி போட்டுத் தாங்களேன்?"